தாத்தா சேர்த்த காசை உண்டியலில் கொட்டாதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம்தான். முழுசாப் படிங்க. படிச்சிட்டுக் கோபம் வந்தா கீழே எழுதுங்க, பதில் சொல்றோம். பாதி படிச்சிட்டுத் திட்டாதீங்க.

நேராகவே சொல்லிவிடுகிறோம். வீட்டில் ஒருவர் முப்பது நாற்பது வருஷமாகப் பழைய காசு சேர்த்து வைத்திருந்தார். காலமாகிவிட்டார். 16ஆம் நாள் காரியமும் முடிந்தது. அலமாரியைத் திறந்தால் டின் டின்னாகக் காசு. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. உடனே ஒருவர் சொல்வார்: "கோயில் உண்டியல்ல போட்டுடலாம், அவருக்குப் புண்ணியமாப் போகும்." எல்லாரும் தலையாட்டுவார்கள். வேலை முடிந்தது.

இது தப்பு என்கிறோம். போனவருக்கும் இதில் புண்ணியம் இல்லை, கோயிலுக்கும் பெரிய வரவு இல்லை, பிள்ளைகளுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. இடையில் இருக்கும் ஏதோ ஒரு கைக்குத்தான் லாபம்.

உண்டியல் எண்ணுகிற தொண்டர்கள் நாங்கள். அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். உண்டியலைத் திறந்து பாயில் கொட்டுவோம். நோட்டு ஒரு பக்கம், காசு ஒரு பக்கம். குங்குமம், கற்பூரப் பொடி, மஞ்சள் துணி முடிச்சு எல்லாம் கலந்து கிடக்கும். 5 காசு, 10 காசு, 20 காசு, 50 காசு என்று பிரித்துப் பை கட்டுவோம். இதில் எதிலும் சேராதவை ஒரு தட்டில் தனியாகப் போகும். தாய்லாந்து பாட், சிங்கப்பூர் காசு, இந்திய ரூபாய், விளையாட்டுக் கடை டோக்கன். 2005 டிசம்பர் 7ஆம் தேதியோடு செல்லாமல் போன நம்ம பழைய 1 ரிங்கிட் காசும் அந்தத் தட்டுக்குத்தான் வரும். உங்கள் தாத்தா சேர்த்த வெள்ளைக்காரன் காலத்துக் காசும் அதே தட்டில்தான் விழும், விளையாட்டுக் கடை டோக்கன் பக்கத்தில்.

அந்தத் தட்டை வங்கி வாங்காது. ஒரு டின்னில் போட்டு ஆபீஸ் அலமாரியில் வைப்பார்கள். டின்னுக்கு லேபிள் இல்லை, எத்தனை காசு என்று எழுதுவதும் இல்லை. சில இடங்களில் எண்ணும்போதே ஒருவர் சொல்வார்: "இது பழைய காசுதானே, நான் அஞ்சு வெள்ளி போட்டுட்டு இதை எடுத்துக்கிறேன்." எல்லார் முன்னாலும்தான் சொல்வார். திருடுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இருக்காது. கோயிலுக்கு 5 ரிங்கிட் வந்ததே என்று மற்றவர்களும் சும்மா இருப்பார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1903இல் வந்த ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் வெள்ளி டாலர், எட்வர்டு ராஜா தலை போட்டது. எடை ஏறக்குறைய 27 கிராம். அதில் பத்தில் ஒன்பது பங்கு சுத்த வெள்ளி, அதாவது 24 கிராமுக்கு மேலே. பம்பாய் நாணயச்சாலையில் அடித்து இங்கே கப்பலில் வந்தது. உருக்கினாலே என்ன விலை என்று எந்த நகைக்கடையிலும் கேட்டுப் பாருங்கள். காசு சேர்ப்பவர்கள் கொடுக்கும் விலை அதற்கும் மேலே. அதைத்தான் 5 ரிங்கிட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள். சாமி சொத்து என்று போட்டீர்களே, சாமிக்குச் சேர்ந்தது எவ்வளவு?

போன ஆடி மாசம் நாங்களே கண்ணால் பார்த்தது ஒன்று. குடும்பத்தின் பெயரும் கோயிலின் பெயரும் வேண்டாம். ஒரு பெரியவர், கப்பல் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், வாழ்நாள் பூராவும் காசு சேர்த்தவர். அவர் போனபின் பிள்ளைகள் மூணு மைலோ டின் காசைக் கொண்டுவந்தார்கள். உண்டியலில் போட்டது போக மீதியை அர்ச்சனைச் சீட்டு கவுண்டரில் கொடுத்துவிட்டார்கள். சாமிக்குப் போடுவது சுத்தமாக இருக்கணும் என்று வீட்டு அம்மா எல்லாத்தையும் புளி போட்டுத் தேய்த்து, சில காசைப் பிராஸோ போட்டும் பளபளவென்று ஆக்கியிருந்தார். பக்திதான், குறை சொல்ல மாட்டோம். ஆனால் காசு தெரிந்தவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: பழைய காசைத் தேய்த்தால் விலை பாதிக்குப் பாதி போகும். அதன் மேலே வருஷக்கணக்கில் படிந்த நிறம்தான் அதற்கு அடையாளம்.

எங்கள் தொண்டர் ஒருவர் அந்த மகனிடம் கேட்டார், "தம்பி, அப்பா ஆல்பம், நோட்டுப் புத்தகம் ஏதும் வெச்சிருந்தாரா?"

"இருந்துச்சுங்கண்ணே. நெறைய பேப்பர். கையெழுத்துல என்னென்னமோ எழுதியிருந்தார். அதெல்லாம் குப்பை லோரில போட்டாச்சு. காசைத்தான் கொண்டாந்தோம்."

இதைக் கேட்டுத்தான் எங்களுக்கு வயிறு எரிந்தது. தூக்கி வீச வேண்டியதை வைத்துக்கொண்டு, வைக்க வேண்டியதை வீசியிருக்கிறார்கள். எந்தக் காசு, எந்த வருஷம், யாரிடம் வாங்கியது, எங்கே கிடைத்தது, என்ன விலை கொடுத்தார் என்று நாற்பது வருஷமாக அவர் எழுதி வைத்ததெல்லாம் அந்தப் பேப்பரில்தான் இருந்தது. அது போனபின் மூணு டின் காசு வெறும் மூணு டின் உலோகம்தான்.

எங்களில் பாதிப் பேர் ஃபேக்டரி ஆட்கள். ஃபேக்டரியில் ஒரு பெட்டி சாமான் லேபிள் இல்லாமல் வந்தால் என்ன ஆகும்? சாமான் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் எந்த லாட், எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று தெரியவில்லை என்றால் ரிஜெக்ட். காசும் அப்படித்தான். லேபிள் போனால் பழைய இரும்புக் கடைதான்.

"பழைய காசில் அப்படி என்ன இருக்கு" என்று கேட்பவர்களுக்கு நம்ம ஊர்க் கதையையே சொல்கிறோம். 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கினார். 1787, 1788 ஆண்டு போட்டுப் பினாங்குக்கென்றே தனியாகக் காசு அடித்துவிட்டார்கள். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை, மறுபக்கம் ஜாவி எழுத்து. 1867 வரை இந்த ஊரை இந்தியாவில் இருந்துதான் ஆண்டார்கள். 1845ஆம் ஆண்டு போட்ட விக்டோரியா ராணி செப்புக் காசில் கம்பெனி பெயர் இருக்கும். 1862 காசில் 'இந்தியா ஸ்ட்ரெய்ட்ஸ்' என்று இருக்கும். நம்ம ஆட்கள் கப்பல் ஏறி இங்கே வந்து கூலி வாங்கியதும், கடைத்தெருவில் அரிசி வாங்கியதும், செட்டியார் கிட்டங்கியில் கடன் வாங்கியதும், மாரியம்மனுக்குக் காணிக்கை முடிந்ததும் இந்த மாதிரிக் காசில்தான். அந்தக் காலத்துக் கூலிக்காரர் யாரும் நமக்குப் புத்தகம் எழுதி வைக்கவில்லை. அவர் கையில் புழங்கிய காசாவது மிஞ்சியிருக்கிறது.

இன்னொன்று. 1939 முதல் ஜார்ஜ் ராஜா தலை போட்ட மலாயா 10 காசு, 20 காசு பல வீட்டில் இருக்கும். பார்க்க எல்லாம் ஒன்றுதான். 1939இல் அடித்ததில் நாலில் மூணு பங்கு வெள்ளி. சண்டைக் காலத்தில் அதைக் குறைத்து, 1943லும் 1945லும் அடித்ததில் பாதிதான் வெள்ளி. 1948இல் வந்ததில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும்தான். ஒரு சண்டை ஒரு நாட்டை என்ன செய்தது என்று மூணு காசை வரிசையாக வைத்துப் பத்து வயசுப் பிள்ளைக்குச் சொல்லிவிடலாம். ஆனால் வரிசையாக வைக்கத் தெரிந்தவர் வேண்டும், இல்லை என்றால் அவர் எழுதி வைத்த குறிப்பு வேண்டும்.

தமிழ்நாட்டில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி ஐயாவைப் பலருக்குத் தெரியும். 2021இல் மறைந்தார். 1980களில் ஒரு சின்னச் செப்புக் காசை வைத்துப் பார்த்து, அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்று பெயர் இருப்பதைப் படித்துச் சொன்னவர் அவர். பாண்டியன் பெயர். சங்க காலத்து அரசர்கள் சொந்தமாகக் காசு அடித்தார்களா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அந்தச் சின்னச் செப்புத் துண்டு பதில் சொன்னது. அவர் படித்ததைப் புத்தகமாகப் போட்டார். அதனால்தான் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. அதே காசு புளி போட்டுத் தேய்க்கிறவர் கையில் கிடைத்திருந்தால்?

இப்போது உங்கள் எதிர்க்கேள்விகளுக்கு வருகிறோம். இதைப் பேசினாலே வரும் கேள்விகள்.

முதல் கேள்வி: "சாமிக்குப் போட்டதைக் கணக்குக் கேட்கலாமா? கொடுத்தது கொடுத்ததுதான்."

தாராளமாகக் கேட்கலாம். கேட்கச் சொல்லிக் கொடுத்ததே நம்ம முன்னோர்தான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன் என்ன செய்தார்? தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, ராணிமார் கொடுத்தது என்று ஒவ்வொன்றையும் கல்லில் வெட்டி வைத்தார். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று சாமி பெயரிலேயே ஒரு எடைக்கல். நகையில் முத்து எத்தனை, எடை எவ்வளவு என்று வரி வரியாக இருக்கிறது. காசு கொடுத்திருந்தால், அதை எந்த ஊரார் வட்டிக்கு எடுத்தார்கள், ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி, அந்த வட்டியில் எந்தச் செலவு நடக்கணும் என்பது வரை இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கணக்கு. பேரரசனே பட்டியல் போட்டுக் கொடுத்தார். நாம் மைலோ டின்னில் கொட்டிவிட்டு 'கணக்குக் கேட்கக் கூடாது' என்கிறோம்.

எழுதாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்ம கோயிலே சாட்சி. 2020 பிப்ரவரியில் திருச்சி திருவானைக்காவல் கோயிலில் சுத்தம் செய்யும்போது மண்ணுக்குள் ஒரு பாத்திரம் கிடைத்தது. உள்ளே 505 பொற்காசு, 1.716 கிலோ. எல்லாரும் ஆச்சரியப்பட்டோம், வாட்சாப்பில் படம் அனுப்பினோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். வைத்தவர் யார்? அகிலாண்டேஸ்வரிக்கு நேர்ந்த காணிக்கையா, கலகத்துக்குப் பயந்து ஒளித்ததா, ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பா? ஒரு ஓலை கூட வைக்கவில்லை. பொன் பத்திரமாக இருந்தது. போட்ட மனுஷன் காணாமல் போனார். எந்த நினைப்பில் வைத்தாரோ, அது நிறைவேறியதா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இரண்டாவது கேள்வி: "விற்றால் பாவம் இல்லையா? அப்பா ஆசையாச் சேர்த்ததாச்சே."

பாவம் இல்லை. இந்தப் பக்கத்துக் காசைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி செய்தவர் பிரிட்மோர் என்ற வெள்ளைக்காரர். அவர் சேர்த்தது 1980களின் தொடக்கத்தில் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. சிதறித்தான் போனது. ஆனால் ஒவ்வொன்றும் விவரத்தோடு பட்டியலில் ஏறிப் போனது. அந்த ஏலப் பட்டியலைக் காசு படிப்பவர்கள் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். நம்ம நாட்டிலேயே டத்தோ சரண் சிங் 1986இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை காசுகளுக்கு ஒரு பெரிய கலைக்களஞ்சியம் போட்டார். அவர் கொடுத்த எண்ணைச் சொல்லித்தான் கடைக்காரர்கள் விலை பேசுகிறார்கள். விற்பவர் விவரம் தெரிந்து, விலை தெரிந்து, ஆசைப்பட்டு வாங்குபவரிடம் கொடுத்தால் காசு இன்னொரு நல்ல வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் கோயிலுக்கு அன்னதானம் செய்யுங்கள், பேரப் பிள்ளை படிப்புக்குக் கட்டுங்கள். சாமி கோபிக்க மாட்டார்.

மூன்றாவது: "மியூசியத்துக்குக் கொடுத்துட்டா போச்சு."

நல்ல யோசனைதான். கோலாலம்பூரில் பேங்க் நெகாராவின் காட்சியகம் இருக்கிறது, பினாங்கில் மாநில மியூசியம் இருக்கிறது. ஆனால் முதலில் எழுதிக் கேளுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதை இன்னொரு தடவை வாங்கமாட்டார்கள். வாங்கினாலும் எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கேயும் முதல் கேள்வி, "எங்கே கிடைத்தது, யார் வைத்திருந்தார்?" மறுபடி அந்த நோட்டுப் புத்தகம்தான்.

நான்காவது, இதுதான் அதிகம் வருவது: "நான் இருக்கிறப்பவே இதைப் பேசினா அபசகுனம். போனப்புறம் பிள்ளைங்க பார்த்துக்குவாங்க."

பிள்ளைகள் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் மேலே சொன்னோம். அவர்களைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. நாற்பது வருஷம் சேர்த்தவர் ஒரு நாள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது என்ன தெரியுமா" என்று சொல்லியிருக்க வேண்டாமா? பூட்டிப் பூட்டி வைத்துவிட்டு, பொண்டாட்டி கேட்டால் "உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு, கடைசியில் அவர்களுக்குப் புரியவில்லையே என்றால் எப்படி?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நம்ம ஆட்கள் உயில் எழுதாமல் போனால் 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டம்தான் பங்கு போடும். பெற்றோர் இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பெற்றோரும் உயிரோடு இருந்தால் அவர்களுக்கு நாலில் ஒன்று, மனைவிக்கு நாலில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. ஒரு காசு ஆல்பத்தை இப்படி எப்படிப் பிரிப்பீர்கள்? 1903 மூத்தவனுக்கு, 1904 இளையவளுக்கா? மூணு பேரில் ஒருவர் மட்டும் எடுத்துக் கோயிலில் கொட்டினால் மற்ற இருவரின் பங்கையும் சேர்த்துத்தான் கொட்டுகிறார். அதில் வரும் சண்டை கோயில் வாசல் வரை வருகிறது.

உயில் எழுதுவது பெரிய வேலை இல்லை. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி 18 வயசு நிறைந்திருக்கணும், எழுத்தில் இருக்கணும், இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போடணும். சாட்சிக்கோ சாட்சியின் மனைவி அல்லது கணவனுக்கோ அந்த உயிலில் எழுதிய பங்கு செல்லாது. அதனால் பங்கு வாங்குகிற மகனையே சாட்சியாகப் போடாதீர்கள். அதில் ஒரு வரி சேருங்கள்: காசுகள் யாருக்கு, விற்பதா வைப்பதா, விற்றால் பணம் யாருக்கு.

சேர்க்கிற பெரியவர்களுக்கு எங்கள் வேண்டுகோள். இன்றைக்கே ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு எண், என்ன காசு, எந்த ஆண்டு, எப்படிக் கையில் வந்தது, நீங்கள் கொடுத்த விலை. பாட்டி காசுமாலையில் இருந்து கழன்றதா, பழைய வீட்டை உடைக்கும்போது கிடைத்ததா, கடையில் வாங்கியதா, அப்படியே எழுதுங்கள். மண்ணுக்குள் புதைந்து கிடைத்தது என்றால் அதற்கு 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது, அதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும். மெத்தென்று வளையும் பிளாஸ்டிக் பை ஆல்பம் வேண்டாம். நம்ம பினாங்கு ஈரத்துக்கு அது பச்சைப் பிசுபிசுப்பாகிக் காசைத் தின்றுவிடும். நோட்டின் முதல் பக்கத்தில் நம்பிக்கையான இரண்டு பேரை எழுதுங்கள், "விலை தெரியணும்னா இவரைக் கேள்" என்று. ஒன்றுக்கு இரண்டு பேர், ஒருவர் ஏமாற்றினால் இன்னொருவர் சொல்வார். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லையா? கோபப்படாதீர்கள். நீங்கள் தெம்பாக இருக்கும்போதே நீங்களே விற்றுவிடுங்கள், இல்லை ஆர்வம் உள்ள அண்ணன் மகளுக்கோ மாணவனுக்கோ கையில் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: ஒருவர் போனபின் ஒரு வருஷம் அந்த அலமாரியைத் தொடாதீர்கள். காசைக் கழுவாதீர்கள். பேப்பர் ஒன்றையும் வீசாதீர்கள். காசை விட அதுதான் முக்கியம்.

கோயில் நிர்வாகங்களுக்கு, பணிவாக, ஆனால் அழுத்தமாக: பழைய காசை யாராவது கொண்டுவந்தால் "உண்டியல்ல போடுங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள். படம் எடுத்து, எண்ணி, எடை போட்டு, ரசீது கொடுங்கள். தனிப் பதிவேடு வையுங்கள். குடும்பத்திடம் ஒரு கடிதம் வாங்குங்கள், விற்கலாமா, கோயிலிலேயே வைக்கணுமா என்று. விற்பதென்றால் இரண்டு இடத்தில் விலை கேட்டு, அறிவிப்புப் பலகையில் போட்டு, எல்லாரும் பார்க்க விற்றுத் திருப்பணிக் கணக்கில் சேருங்கள். உண்டியல் எண்ணும் பாயில் "நான் மாத்திக்கிறேன்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது. தொண்டர்கள் நாங்கள் உட்பட யாருக்கும் விதிவிலக்கு வேண்டாம். இனிமேல் நாங்கள் எண்ணும் பாயில் அப்படி யாராவது கை நீட்டினால் அந்த இடத்திலேயே எழுந்து கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம். மூத்தவர், பதவியில் இருப்பவர் என்று பார்க்க மாட்டோம்.

சிலர் சொல்வார்கள், காதறுந்த ஊசி கூட கூட வராது, எல்லாம் விட்டுட்டுத்தானே போகணும் என்று. உண்மை. கூட வராது என்பதால்தான் யாரிடம் விடுகிறோம் என்று பார்த்து விடணும். வீட்டை அப்படி விடுவோமா? பெண் பிள்ளையின் நகையை அப்படி விடுவோமா?

வருகிற தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுவதற்கு முன்னால், வீட்டில் காசு சேர்க்கிற அப்பாவோ தாத்தாவோ மாமாவோ இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். "இது என்ன காசு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். ஒருவர் கேட்க, இன்னொருவர் எழுதட்டும்.

இதைப் படிக்கிற அடியார்கள் உங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் போடுங்கள். பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!